கேம் ஆடுனா கட்டம் கட்டமா வந்து ஸ்கிரீன் கருப்பாயிடுது, கார்டு போச்சா?

ஈரோட்டு_இடி
ஏப்ரல் 9, இரவு 11.40

வணக்கங்க எல்லாருக்கும். ரெண்டு வாரமா இதோட மல்லுக்கட்டி ஓஞ்சு போயிட்டேன், அதான் இங்க வந்து கேக்கறேன். சிஸ்டம் ஐ5 10400, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஜன்னல் ஓரமா மேசை மேல வெச்சிருக்கேன். கார்டு செகண்ட் ஹேண்டுங்க, 2022 கடைசில வாங்கினது, அப்ப கார்ட ராத்திரி பகலா ஓட்டி டிஜிட்டல் காசு எடுக்கற எத்தீரியம் மைனிங் நின்னு போயி எல்லாரும் கார்ட தள்ளிவிட்டுட்டு இருந்தாங்கல்ல அந்த நேரம்.

பிரச்சனை என்னன்னா வேலரண்ட் ஒரு மணி நேரம் ஆடினாலும் ஒண்ணும் ஆகறதில்ல, ஜிடிஏ 5 போட்டா பதினஞ்சு இருபது நிமிஷத்துல ரோட்டு மேல சின்னச் சின்ன கட்டமா பச்சையும் ரோஸுமா மின்னும், ஏதோ கோலப்பொடி சிந்தினாப்ல, அப்புறம் ரெண்டு மூணு நிமிஷத்துல பட்டுனு ஸ்கிரீன் கருப்பு. ஆனா சவுண்டு வந்துட்டே இருக்கும், டிஸ்கார்டுல பசங்க பேசறது கேக்கும், நான் பேசறதும் அவங்களுக்கு கேக்குது. கார்டு ஃபேன் மட்டும் மிக்சில சட்னி அரைக்கறாப்ல கத்தும். பவர் பட்டன அமுக்கிப் புடிச்சு ஆஃப் பண்ணாத்தான் உண்டு. சில நேரம் அஞ்சு செகண்டுல அதுவா திரும்பி வந்து டிஸ்ப்ளே டிரைவர் ஸ்டாப்டு ரெஸ்பாண்டிங்னு ஒரு மெசேஜ் காட்டும்.

இன்னொண்ணு, காலைல ஆறு மணிக்கு ஆடுனா அர மணி நேரம் முக்கா மணி நேரம் தாங்குது, மத்தியானம் ரெண்டு மணிக்குன்னா பத்து நிமிஷம் கூட இல்ல. ஆனா டெம்ப்ரேச்சர் பாத்துட்டேன் 68 டிகிரிதான், அதனால ஹீட் இல்ல, அத யாரும் சொல்ல வேண்டாம்.

செஞ்சு பாத்தது: விண்டோஸ் அப்டேட், புது டிரைவர், ஜிடிஏவ அழிச்சுட்டு மறுபடி டவுன்லோடு பண்ணேன், நூறு ஜிபிக்கு மேலங்க, ரெண்டு நாளு நெட்டு போச்சு. பக்கத்துல ஒரு கடைல கொண்டு போய்க் காட்டினேன், ஆன் பண்ணி டெஸ்க்டாப்ப பாத்துட்டு கார்டு டெட்டு தம்பி, ரெண்டாயிரத்துக்கு எடுத்துக்கறேன் புதுசு வாங்கிக்கோன்னுட்டாரு. டெட்டான கார்ட எதுக்கு ரெண்டாயிரம் குடுத்து வாங்கறாருன்னு அங்கயே கேட்டிருக்கணும், வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு. கார்டு நெஜமாவே போச்சா, எஸ்எம்பிஎஸ்ஸா, என்னன்னு சொல்லுங்க.


தோசைக்கல்லு
ஏப்ரல் 9, இரவு 11.58

டிரைவர் மேலயே டிரைவர் போட்டா பழசு உள்ள கெடந்து மல்லுக்கு நிக்கும் ப்ரோ. டிடியூன்னு டிரைவர அடியோட அழிக்கற சாஃப்ட்வேர் இருக்கு, அத இறக்கு, நெட்டு வயர புடுங்கிட்டு சேஃப் மோடுல போயி அத ஓட்டி பழைய டிரைவர சுத்தமா தொடச்சுட்டு அப்புறம் புதுசு போடு. நெட்ட புடுங்க மறந்துடாத, இல்லன்னா நீ ரீஸ்டார்ட் பண்ற கேப்புல விண்டோஸ் அதுவா ஒரு டிரைவர உள்ள ஏத்தி வெச்சிரும். எனக்கு பாதி பிரச்சனை இதுலயே போயிருக்கு.


மதுர_மல்டிமீட்டர்
ஏப்ரல் 10, காலை 7.15

டிடியூ போட்டு பாருங்க தப்பில்ல, ஆனா எனக்கு சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேலதான். லேசான கேம்ல ஒண்ணும் ஆகல, கனமான கேம்ல விழுகுதுன்னா கரண்டு பத்தலன்னு அர்த்தம் வெச்சுக்கலாம்.

கணக்க பாருங்க, 1660 சூப்பர் 125 வாட்ஸ் கார்டு. ஸ்லாட்டு வழியா 75 வரைக்கும் வரும், எட்டு பின் கேபிள் வழியா 150 வரைக்கும் வரும், ஆக 225 வரைக்கும் வழி இருக்கு, கார்டுக்கு அது தாராளம். ப்ராசசர் 65 வாட்ஸுன்னு போட்டிருப்பான், டர்போல போகும்போது கொஞ்ச நேரம் அதப்போல ரெண்டு பங்கு இழுக்கும். ரெண்டும் சேந்து இழுத்தாலும் 450ல ஓடணும், எஸ்எம்பிஎஸ் நல்லதா இருந்தா. வயசானதா இருந்தா அட்டைல எழுதின நம்பர நம்பாதீங்க.

யூபிஎஸ் இருக்கா? 600 விஏன்னு போட்டிருந்தா அது வழக்கமா 360 வாட்ஸ்தான், நெறைய பேரு 600 வாட்ஸுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. மொதல்ல யூபிஎஸ்ஸ விட்டுட்டு சொவத்து பாயிண்டுல நேரா போடுங்க. அப்புறம் மல்டிமீட்டர் இருந்தா நாலு பின் மோலெக்ஸ் கனெக்டர்ல மஞ்ச ஒயருக்கும் கருப்பு ஒயருக்கும் நடுவுல வெச்சு பாருங்க, சும்மா இருக்கும்போது எவ்வளவு, கேம் ஓடும்போது எவ்வளவுன்னு. 12 வோல்ட்டுக்கு அஞ்சு பர்சன்ட் மேல கீழ போகலாம், அதாவது 11.4க்கு கீழ எறங்கினா எஸ்எம்பிஎஸ்தான் குத்தவாளி. சாஃப்ட்வேர்ல காட்ற வோல்டேஜ நம்பி முடிவு எடுக்காதீங்க, எனக்கு ஒரு தடவ 12 வோல்ட்ட 8ன்னு காட்டிச்சு, நெஜமாவே 8 இருந்தா சிஸ்டம் எந்திரிக்கவே எந்திரிக்காது.


யாழ்_பொடியன்
ஏப்ரல் 10, காலை 9.30

அண்ணை, கேபிளையும் ஒருக்கா மாத்திப் பாருங்கோ. எனக்கும் இப்பிடித்தான் புள்ளி புள்ளியா வந்தது, கார்ட் போட்டுதெண்டு பயந்து போனன், கடைசில பார்த்தா மலிவா வாங்கின டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். ஒரு சின்ன சோதனை இருக்கு, அந்தக் கட்டங்கள் தெரியேக்க ஸ்கிரீன்ஷாட் எடுங்கோ, பிறகு அந்தப் படத்தை போன்ல திறந்து பாருங்கோ. படத்துக்குள்ளயும் கட்டம் இருந்தா பிழை கார்டுக்குள்ள. படம் சுத்தமா இருந்தா கேபிள் இல்லாட்டி மொனிட்டர்.


ஈரோட்டு_இடி
ஏப்ரல் 10, இரவு 10.20

எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேங்க, ஒண்ணொண்ணா சொல்றேன்.

டிடியூ போட்டேன், ரெண்டு தடவ போட்டேன், மாத்தமே இல்ல. யூபிஎஸ் 600 விஏதான், 360ன்னு பின்னாடி குட்டியா எழுதியிருக்கு, இன்னைக்குத்தான் பாக்கறேன். நேரா சொவத்துல போட்டும் அதே கதை. மாமா பட்டறைல இருந்து மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்து நீங்க சொன்ன மஞ்ச ஒயர்ல வெச்சேன், சும்மா இருக்கும்போது 12.08, ஜிடிஏ ஓடும்போது 11.93, கருப்பாகறதுக்கு முந்துன செகண்டு வரைக்கும் அதுக்கு கீழ போகவே இல்ல.

கேபிள் மாத்தினேன், பக்கத்து வீட்டு டிவிலயும் மாட்டிப் பாத்தேன், அங்கயும் கட்டம் வருது. ஸ்கிரீன்ஷாட் ஐடியா சூப்பருங்க தம்பி, அவசர அவசரமா எடுத்து போனுக்கு அனுப்பிப் பாத்தா கட்டமெல்லாம் படத்துக்குள்ளயே இருக்கு.

கார்ட கழட்டிட்டு போர்டுல இருக்கற ஹெச்டிஎம்ஐல மாட்டி ப்ராசசர் கிராபிக்ஸ்லயே மூணு மணி நேரம் படம் பாத்தேன், எதுவும் ஆகல. விண்டோஸ் எரர குறிச்சு வெக்கற ஈவன்ட் வியூவர்ல 4101னு வரிசையா நிக்குது. ஏதோ ரெஜிஸ்ட்ரில டிடிஆர் டிலே மாத்தினா சரியாகும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, மாத்தட்டுமா?


மதுர_மல்டிமீட்டர்
ஏப்ரல் 10, இரவு 10.41

11.93ன்னா எஸ்எம்பிஎஸ் கல்லு மாதிரி நிக்குது. என் கட்சி காலி, டெபாசிட் போச்சு.

டிடிஆர தொடாதீங்க. விண்டோஸ் கார்டுகிட்ட வேலைய குடுத்துட்டு ரெண்டு செகண்டு காத்திருக்கும், பதில் வரலன்னா டிரைவர உலுக்கி எழுப்பும், அதத்தான் 4101னு எழுதி வெக்குது. ரெண்ட பத்தாக்கினா நீங்க கருப்பு ஸ்கிரீன இன்னும் எட்டு செகண்டு கூடுதலா பாப்பீங்க, வேற ஒண்ணும் இல்ல. மயக்கம் போட்டவன எழுப்பற ஆள போகச் சொல்லிட்டா மயக்கம் தெளிஞ்சிருமா.


அடுப்பங்கரை_அனுபவசாலி
ஏப்ரல் 10, இரவு 11.05

ஓவன்ல 200 டிகிரில பத்து நிமிஷம் வைங்க பாஸ், நான் என் பழைய கார்ட அப்படித்தான் பொழைக்க வெச்சேன்.


ரிச்சி_தெரு_பழசு
ஏப்ரல் 11, காலை 6.10

தயவு செஞ்சு ஓவன் பக்கம் போவாத தம்பி. ஓவன் சொன்ன ஐயா, உங்க கார்டு எத்தன நாள் ஓடுச்சுன்னு சொல்லவே இல்லையே. சூடு காட்டினா சிப்புக்குள்ள விட்டுப்போன இணைப்பு கொஞ்சம் விரிஞ்சு ஒட்டும், ஒரு வாரமோ ஒரு மாசமோ ஓடும், மறுபடி பழைய குருடி கதைதான். அதுவும் சோறு பண்ற ஓவன்ல பிளாஸ்டிக்கும் சால்டர் பண்ணப்ப போட்ட பிளக்ஸும் வெந்து அந்தப் புகை அடுத்த நாளு கேக்குல வரும். கடையிலயும் சில பேரு ஹீட் கன்ன காட்டி குடுத்துட்டு சரி பண்ணிட்டேன்னு காசு வாங்குவாங்க, அதுவும் இதே ஜாதிதான்.

தம்பி விஷயத்துக்கு வரேன். நான் மவுன்ட் ரோடு பக்கம் ரொம்ப வருஷமா போர்டு ரிப்பேர் பண்றவன், இப்ப கண்ணு சரியில்லாம வீட்டோட இருக்கேன். உன் மொத போஸ்ட்ட மூணு தடவ படிச்சேன். ப்ராசசர் கிராபிக்ஸ்ல சிஸ்டம் ஒழுங்கா ஓடுது, 12 வோல்ட் நிக்குது, கேபிள் மாத்தியாச்சு, ஸ்கிரீன்ஷாட்லயே கட்டம் வருது. அப்ப பிழை கார்டுக்குள்ளதான், அதுலயும் மெமரி சிப்பு மேலதான் என் கண்ணு. கலர் கட்டம் அதோட கையெழுத்து. ஆனா ஆன் பண்ண உடனே விண்டோஸுக்கு முந்தி வர பயாஸ் ஸ்கிரீன்ல இருந்தே கோடு கோடா வந்திருந்தா சிப்பு செத்துடுச்சுன்னு நேரா சொல்லிடுவேன், உனக்கு அப்படி இல்ல, சூடேறினப்புறம்தான் வருது.

இங்கதான் எனக்கு ஒண்ணு இடிக்குது. மத்தியானம் மோசம், காலைல பரவால்லன்னு நீயே சொல்ற. அது சூட்டு நோயி. ஆனா 68 டிகிரிதான்னும் சொல்ற. அந்த 68 யாரோட டெம்ப்ரேச்சர்? நடுவுல இருக்கற, படத்த வரையற ஜிபியூ சிப்போடது. சுத்தி இருக்கற மெமரி சிப்பு எவ்வளவு கொதிக்குதுன்னு 1660 சூப்பர்ல எந்த சாஃப்ட்வேரும் உனக்கு காட்டாது, என்விடியால ஜிடிடிஆர்6 எக்ஸ்னு வேற வகை மெமரி போட்ட பெரிய கார்டுகள்ல அந்த ரீடிங் வரும். சாதா 1660ல ஜிடிடிஆர்5, உன் சூப்பர்ல ஜிடிடிஆர்6, ஸ்பீடு அதிகம்.

இன்னொரு விஷயம், செகண்ட் ஹேண்டு 1660 சூப்பர், ஈரோடு, ஏப்ரல் மாசம், இந்த மூணும் சேந்தா எனக்கு தெரிஞ்சு 75க்கு மேல காட்டணும். உனக்கு 68. நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு, அதான் சந்தேகம். ஒளிக்காம சொல்லு, இந்த கார்ட யாராச்சும் தொறந்தாங்களா?


ஈரோட்டு_இடி
ஏப்ரல் 11, காலை 8.50

ஐயா எப்படிங்க கண்டுபுடிச்சீங்க. நான்தான் தொறந்தேன். மார்ச் மொத வாரம். அப்ப 82 டிகிரி காட்டிட்டு இருந்துச்சு, சிப்புக்கும் அது மேல சூட்ட இழுக்கற ஹீட்சிங்குக்கும் நடுவுல இருக்கற பேஸ்ட் காஞ்சிருக்கும்னு வீடியோ பாத்து நானே கழட்டினேன். உள்ள மைனிங் பண்ணவன் வெச்ச தூசி ஒரு கம்பளியாட்டம் இருந்துச்சு, ஒரு பல்லி முட்ட ஓடு கூட இருந்துச்சு, எல்லாம் பிரஷ்ல தட்டி சுத்தம் பண்ணி புது பேஸ்ட் போட்டு மாட்டினதும் 82ல இருந்து 68க்கு வந்துருச்சு. பசங்க க்ரூப்புல ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போட்டு பெருமையடிச்சேன். அதனாலதான் அத ஒரு பிரச்சனையாவே நெனக்கல, சரி பண்ண விஷயத்த எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஹீட்சிங்க எடுக்கும்போது மெமரி சிப்பு மேல இருந்த சாம்பல் கலரு ரப்பர் மாதிரி பட்டை, அது ரெண்டு எடத்துல கிழிஞ்சு பொடிப்பொடியா வந்துருச்சு. பூசனி விதையாட்டம் காஞ்சு போயிருந்துச்சு. கையில வேற பட்டை இல்ல, அதுவும் சூட்ட கடத்தற சாமான் இதுவும் சூட்ட கடத்தற சாமான்தானேன்னு பேஸ்ட்டையே கொஞ்சம் தாராளமா ரெண்டு சிப்பு மேலயும் அப்பி விட்டுட்டேன்.


ரிச்சி_தெரு_பழசு
ஏப்ரல் 11, காலை 9.20

அப்பி விட்டியா. சரி விடு, திட்டல, நானும் சின்ன வயசுல இதவிட கூத்தெல்லாம் அடிச்சிருக்கேன். என்ன கலர் பேஸ்ட்டு? வெள்ளைன்னா தப்பிச்ச, சாதாரண வெள்ள பேஸ்ட்டு கரண்ட கடத்தாது. பளபளன்னு திரவ மெட்டல் டைப்பா இருந்திருந்தா அன்னைக்கே ஷார்ட்டாகி கதை முடிஞ்சிருக்கும்.

நடந்தது என்னன்னு சொல்றேன் கேளு. உன் கார்டுல ஆறு மெமரி சிப்பு, ஒவ்வொண்ணும் ஒரு ஜிபி. ஜிபியூ சிப்பு ஹீட்சிங்கோட ஒட்டி உக்காரும், அதுக்கு பேப்பர் கனத்துக்கு பேஸ்ட்டு போதும். மெமரி சிப்பு அப்படி இல்ல, அதுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், அந்தச் சந்த அடைக்கத்தான் பட்டை, அத தெர்மல் பேடுன்னு சொல்லுவாங்க. பேஸ்ட்டு அந்த கனத்துக்கு நிக்காது, சூடேறினா இளகி வழிஞ்சுடும், நடுவுல காத்து நிக்கும். காத்து சூட்ட சரியாவே கடத்தாது. ஆக ரெண்டு சிப்பு ஒரு மாசமா போர்வைய போத்திக்கிட்டு வெயில்ல நிக்குது.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? ஃபேன் எத பாத்து சுத்துது, ஜிபியூ டெம்ப்ரேச்சர பாத்து. 82 இருந்தப்ப ஃபேன் வேகமா சுத்துச்சு, அந்தக் காத்துல மெமரியும் பொழச்சுக் கெடந்துச்சு. நீ 68 ஆக்கினதும் ஃபேன் நமக்கென்னன்னு மெதுவா சுத்த ஆரம்பிச்சிடுச்சு. பேடும் இல்ல, காத்தும் கொறஞ்சு போச்சு. நீ பெருமையா போட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டுதான் நோயோட பொறந்த தேதி.

வேலரண்ட்டு ஏன் ஓடுதுன்னா அது கார்ட அவ்வளவா வேல வாங்காது, மெமரியும் பெருசா எடுக்காது. ஜிடிஏ ஆறு சிப்பையும் போட்டு புழியும்.

இப்ப உடனே ஸ்க்ரூட்ரைவர எடுக்காத. மொதல்ல நிரூபி. கார்டோட ஸ்பீடு, ஃபேன மாத்தற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல மெமரி கிளாக்க, அதாவது மெமரி ஓடற வேகத்த, 500 கொறச்சு, ஃபேன கையால 90 பர்சன்ட்டுக்கு தள்ளி அதே மத்தியான நேரத்துல ஜிடிஏ ஆடு. கட்டம் தள்ளிப் போனாலோ வராம இருந்தாலோ மெமரிதான். அப்புறம் ஓசிசிடின்னு சோதிக்கற சாஃப்ட்வேர்ல விராம் டெஸ்ட்டுனு, கார்டு மெமரிய சோதிக்கறது, ஒண்ணு இருக்கும், அத நார்மல் செட்டிங்ல ஓட்டி எத்தன எரர்னு எழுதி வை, சரி பண்ணப்புறம் ஒப்பிட்டு பாக்கணும்.


ஈரோட்டு_இடி
ஏப்ரல் 11, மாலை 4.35

ஐயா கால்ல விழுகறேன். வெள்ள பேஸ்ட்டுதாங்க. 500 கொறச்சு ஃபேன் 90ல வெச்சு மத்தியானம் ஒண்ணரைல இருந்து மூணே கால் வரைக்கும் ஆடினேன், ஒரே ஒரு கட்டம் கூட வரல, எஃப்பிஎஸ்தான் கொஞ்சம் கம்மி. ஃபேன் சத்தத்துல அம்மா வந்து என்னடா ரைஸ் மில்லு வெச்சிருக்கியான்னு கேட்டாங்க.

நார்மலுக்கு மாத்தி ஓசிசிடி ஓட்டினேன். மொத ஆறு நிமிஷம் சைபர், ஏழாவது நிமிஷம் 1, அப்புறம் 4, 9னு ஏறி 212ல நிக்கும்போது பயந்து நிறுத்திட்டேன். பேடு வாங்க கெளம்பறேன்.


மதுர_மல்டிமீட்டர்
ஏப்ரல் 11, மாலை 5.02

அண்ணே இத முதல் போஸ்ட்லயே எழுதியிருந்தா நூறு ஜிபி மிச்சம்.


ஈரோட்டு_இடி
ஏப்ரல் 14, இரவு 9.15

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லாருக்கும், எனக்கு மட்டும் வருஷப் பொறப்பு சரியில்ல. பேடு கடைல 2 எம்எம் மட்டும்தான் இருந்துச்சு, கனமா இருந்தா நல்லதுதானேன்னு அதையே வாங்கிட்டு வந்து ஆறு சிப்புக்கும் கட் பண்ணி வெச்சேன். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வெச்சு பழைய பேஸ்ட்டெல்லாம் தொடச்சேன், பழைய பனியன் துணி ஒண்ணு முழுசா போச்சு, அந்த ரெண்டு சிப்பு ஓரத்துல தயிர் காஞ்சாப்ல ஒட்டியிருந்துச்சு.

மாட்டி ஆன் பண்ணா மெமரி எரர் இல்ல, ஆனா ஜிபியூ ரெண்டே நிமிஷத்துல 84, ஜிபியூலயே அதிகமா கொதிக்கற எடத்துக்கு ஹாட்ஸ்பாட்டுனு ஒரு ரீடிங் இருக்குல்ல அது 103. ஒரு ஓட்டைய அடைச்சா இன்னொரு ஓட்டை. ஸ்க்ரூவ இன்னும் இறுக்கிப் பாக்கட்டுங்களா?


ரிச்சி_தெரு_பழசு
ஏப்ரல் 14, இரவு 9.31

இறுக்காத, இறுக்காத! போர்டு வளைஞ்சு சிப்பு மூலை ஒடஞ்சா நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆஃப் பண்ணிட்டு கழட்டி ஜிபியூ மேல பேஸ்ட்டு எப்படி பதிஞ்சிருக்குன்னு பாத்து சொல்லு.


ஈரோட்டு_இடி
ஏப்ரல் 14, இரவு 10.10

கழட்டிட்டேன். ஒரு ஓரம் மட்டும் மெல்லிசா பரவியிருக்கு, மத்த முக்கால்வாசி நான் வெச்ச பொட்டு வெச்ச மேனிக்கு அப்படியே குண்டா நிக்குது, ஹீட்சிங்க்ல அந்தப் பக்கம் தொட்ட அடையாளமே இல்ல.


ரிச்சி_தெரு_பழசு
ஏப்ரல் 14, இரவு 10.22

அதான். சுத்தி வெச்ச கனமான பேடு முட்டுக் குடுத்து ஹீட்சிங்க தூக்கிடுச்சு, அந்த ஒரு ஓரம் தவிர ஜிபியூவ அது தொடவே இல்ல. பேடு கனம் ஒவ்வொரு மாடலுக்கும் வேற வேற, ஒரே 1660 சூப்பர்லயே ரெண்டு கம்பெனி கார்டுக்கு ரெண்டு அளவு இருக்கும், ஒரே கார்டுல மெமரிக்கு ஒண்ணு, பக்கத்துல பவர் செக்ஷனுக்கு ஒண்ணுன்னு கூட வரும். அதனால நான் ஒரு நம்பர் சொல்லி நீ வாங்காத, அளந்து பாரு.

கொழந்தைங்க விளையாடற களிமண்ணு வாங்கு, எண்ணெய்ப் பசை டைப்பு. மெமரி சிப்பு மேல மெல்லிசு பிளாஸ்டிக் கவர விரிச்சு அது மேல சுண்டக்கா அளவு களிமண் உருண்டை ஒண்ணொண்ணா வை. ஜிபியூல பேஸ்ட்டு மட்டும் போட்டு ஹீட்சிங்க வெச்சு நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு குறுக்கா, எதிரெதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா மாட்டு. முழுசா ஒரு ஸ்க்ரூவ முடிச்சுட்டு அடுத்ததுக்கு போகாத. அப்புறம் கழட்டினா களிமண் அப்பளமா அமுங்கியிருக்கும், அந்த கனம்தான் உன் சந்து. பேடு அதவிட ஒரு துளி கூடுதலா இருக்கணும், அமுங்கி உக்காரும்.

கார்ட கரண்டுல மாட்டாம செய்யி. களிமண்ண எடுக்காம ஆன் பண்ணிடாத.


தோசைக்கல்லு
ஏப்ரல் 14, இரவு 10.40

களிமண்ண எடுக்காம ஆன் பண்ற ஆளு இருப்பாங்களான்னு சிரிச்சேன், அப்புறம் நான் ஒரு தடவ ப்ராசசர் கூலர் அடில இருந்த பிளாஸ்டிக் ஸ்டிக்கர உரிக்காம ரெண்டு மாசம் ஓட்டினது ஞாபகம் வந்துச்சு. சாரி ஐயா.


ஈரோட்டு_இடி
ஏப்ரல் 17, இரவு 11.05

அக்கா பையன் களிமண்ண கடன் வாங்கித்தான் செஞ்சேன், நீலக் கலரு, டைனோசர் ஒண்ண பிச்சு எடுத்ததுக்கு இன்னும் பேசாம இருக்கான். மாமா பட்டறைல வெர்னியர் வெச்சு அளந்தா ஆறு எடத்துலயும் 0.8க்கும் 0.9க்கும் நடுவுல வருது. 1 எம்எம் பேடு ஆன்லைன்ல போட்டு இன்னைக்குத்தான் வந்துச்சு. பேடுக்கு ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் இருக்கும், ஒரு பக்கம் மட்டும் உரிச்சுட்டு மாட்டப் போனேன், நல்ல வேளை தோசைக்கல்லு அண்ணன் எழுதினது ஞாபகம் வந்துச்சு.

மாட்டறதுக்கு முந்தி ஒரு தடவ வெச்சு எடுத்து பேஸ்ட்டு பதிவ பாத்தேன், இந்த தடவ நாலு மூலைக்கும் மெல்லிசா பரவியிருக்கு. ஆன் பண்ணா ஜிபியூ 70, ஹாட்ஸ்பாட் 82. ஓசிசிடி நாப்பது நிமிஷம், எரர் சைபர். 212ன்னு எழுதி வெச்ச பேப்பர மானிட்டர்ல ஒட்டி வெச்சிருக்கேன். ஜிடிஏ ரெண்டரை மணி நேரம் ஆடினேன், ரோடு ரோடாத்தான் இருக்கு.

கடைக்காரர் இன்னைக்கு வழில பாத்து என்ன தம்பி கார்ட குடுக்கறியான்னு கேட்டாரு.


ரிச்சி_தெரு_பழசு
ஏப்ரல் 18, காலை 6.05

நல்லது. ஆனா இப்பவே கொண்டாடாத. ஒரு மாசம் வெந்த சிப்பு ரெண்டு, உள்ள எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு வெளிய தெரியாது. கத்திரி வெயில் ஆரம்பிக்கட்டும், மே மாசம் ஒரு நாள் மத்தியானம் ரூம் ஃபேன நிறுத்திட்டு ஒரு மணி நேரம் ஓசிசிடி ஓட்டு. அதுல ஒரு எரர் வந்தாலும் மெமரி கிளாக்க 200 கொறச்சு அப்படியே வெச்சு ஓட்டிக்கோ, வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது. அதுவும் தாங்கலன்னா அப்ப சிப்பு மாத்தற கடைக்கு கொண்டு போ, போனதும் எந்த சிப்புல எரர் வருதுன்னு டெஸ்ட்டு பண்ணி காட்டுங்கன்னு கேளு. காட்ட முடியாது, சூடு வெச்சு பாக்கலாம்னு சொன்னா கார்ட கையில எடுத்துட்டு வந்துடு.

அப்புறம் எந்த சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு சுத்தணும்ங்கற ஃபேன் கர்வ்வ கொஞ்சம் ஏத்தி வை. 60 டிகிரிலயே 55 பர்சன்ட்டு சுத்தட்டும். சத்தத்துக்கு அம்மாகிட்ட நான் பேசறேன்.


ஈரோட்டு_இடி
மே 12, மாலை 5.20

ஐயா சொன்ன டெஸ்ட்டு இன்னைக்கு முடிச்சேன். வெளிய 40 டிகிரி, மேல ஃபேன் ஆஃப், ஜன்னல சாத்தி சட்டைய கழட்டிப் போட்டுட்டு நானும் கார்டும் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தோம். ஜிபியூ 77, ஹாட்ஸ்பாட் 90. எரர் 0. கார்டு தாங்கிருச்சு, எனக்குத்தான் மூணு சொம்பு மோரு தேவப்பட்டுச்சு.


கொங்கு_குமரி
மே 12, இரவு 8.45

அண்ணா இப்பத்தான் முழுசா படிச்சேன். என் கார்டுலயும் பயாஸ்ல ஒண்ணும் இல்ல, ரெண்டர் போட்டா மட்டும் கட்டம் வருது, போன மாசம் சர்வீஸ்னு ஒரு எடத்துல குடுத்து வாங்கினதுல இருந்துதான். நானும் ஈரோடுதான். உங்ககிட்ட மிச்சம் பேடு ஏதாச்சும் இருக்குதுங்களா?


ஈரோட்டு_இடி
மே 12, இரவு 8.52

1 எம்எம் ஒரு பட்டை மிச்சம் இருக்குதுங்க, 2 எம்எம் முக்கால்வாசி அப்படியே கெடக்குது. மொதல்ல அளந்துட்டு சொல்லுங்க. களிமண் மட்டும் நீங்க வாங்கிக்கோங்க, எங்க வீட்டுல இனி தர மாட்டான்.